படை வாகனத்துக்கு நச்சு உணரும் சென்சார்: முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: கோவையில் ஆலைகளுக்கான வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகளைத் தயாரித்து வருகிறோம். இராணுவ வாகனங்களில் வேதி, உயிரி, அணு அபாயங்களைக் கண்டறியும் சென்சார்களைப் புதுப்பிக்கும் பணியில் எங்கள் கருவியைச் சேர்த்துவிடலாம் என்றும், அதற்கு முன்பணம் தர வேண்டும் என்றும் ஒருவர் கூறுகிறார். எங்கள் கருவி பொருந்துமா? பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். ஒப்பந்தம் பெறுவதற்காக எவருக்கும் தரகு கொடுக்கவில்லை என்று பாதுகாப்புக் கொள்முதலில் விற்பவர் உறுதியளிக்க வேண்டும். அது பொய்யென்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்தாகும், நிறுவனம் தடைப்பட்டியலிலும் சேரக்கூடும். முன்பணம் கேட்பவருக்கு இதில் இழப்பு எதுவுமில்லை, மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான். பாதுகாப்புத் தளவாடங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்யும் அரசு இணையதளமான ஸ்ரீஜனில் பதிவு செய்வதற்கும், பாதுகாப்புத் துறையில் புத்தாக்கம் செய்யும் சிறு நிறுவனங்களுக்காக 2018இல் திருவிடந்தைப் பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. ‘படைக்கான மின்னணுக் கருவிகளின் சோதனைத் தரமான ஜேஎஸ்எஸ் 55555 சான்றிதழை நானே வாங்கித் தருகிறேன்’ என்பது இன்னொரு பொறி. வெப்பம், அதிர்வு, தூசி, பூஞ்சை முதலியவற்றைத் தாங்குகிறதா என்று சோதிக்கும் அந்த அறிக்கை, சோதிக்கப்பட்ட கருவியின் வரிசை எண்ணோடுதான் வரும். உங்கள் கருவி ஆய்வகத்துக்கே போகாமல் வரும் சான்றிதழ் வெறும் காகிதம்.

ஒரே ஒரு விதிவிலக்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரகர்கள் அதன் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். தொழில்நுட்ப ஆவணங்களை எழுதித் தரவோ சோதனைத் திட்டத்தை வகுக்கவோ ஓர் ஆலோசகரை நீங்கள் அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவருடைய கட்டணம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், ஜிஎஸ்டி ரசீது தர வேண்டும், ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொகை மாறக் கூடாது. ‘ஆர்டர் வந்தால் இத்தனை சதவீதம்’ என்ற பேச்சு எழுந்த கணமே அது ஆலோசனை அல்ல, தரகு. ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதிக்கொடுத்தாலும் தரகு தரகுதான்.

இனி உங்கள் கருவியைப் பற்றி. ஆலைகளில் குளோரின், கார்பன் மோனாக்சைடு போன்றவற்றை உணரும் மின்வேதி சென்சார், சரின் போன்ற நரம்பு நச்சையும் கடுகு வாயுவையும் மிகக் குறைந்த அளவில் பிரித்தறிய வேண்டிய பணிக்கு அப்படியே உதவாது. அதன் மின்பகுதிரவம் பாலைவன வெப்பத்தில் வற்றிவிடும். படையில் பெரும்பாலும் பயன்படுவது, காற்றிலுள்ள மூலக்கூறுகளை அயனியாக்கி, அவை மின்புலத்தில் நகரும் வேகத்தை அளக்கும் முறை. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகமான டிஆர்டிஈ வடிவமைத்த வேதி எச்சரிக்கைக் கருவியும் இந்த முறையில்தான் இயங்குகிறது. அதுவும் ஏமாறக்கூடியதே. கடுகு வாயுவுக்கு மாற்றாகப் பயிற்சிகளில் பயன்படும் மெத்தில் சாலிசிலேட், மூட்டுவலித் தைலங்களில் மணக்கும் அதே பொருள்தான். தைலம் தடவிய வீரர் அருகில் வந்து நின்றாலே சில கருவிகள் அலறிவிடும். டீசல் புகையும் அப்படியே. பொய் எச்சரிக்கை ஓயாமல் வந்தால் வீரர்கள் கருவியை அணைத்துவைத்துவிடுவார்கள். ஆகவே எவ்வளவு நுட்பமாக உணர்கிறது என்பதைவிட, எதை எதையெல்லாம் புறக்கணிக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வாகனத்தில் ஏற்றியவுடன் வேறு சிக்கல்கள் முளைக்கும். எஞ்சினைக் கிளப்பும் நொடியில் 24 வோல்ட் மின்சாரம் சரியும். தடுப்பமைப்பு இல்லாத கருவி மறுபடி தொடக்கத்திலிருந்து சூடேற வேண்டியிருக்கும், அதுவரை வாகனம் குருடு. டி-72 போன்ற டாங்கிகளில் சென்சார் மணியடிப்பதோடு நிற்பதில்லை, காற்றுவழிகளை அடைக்கும் ஏற்பாட்டையும் அதுவே தூண்டுகிறது. பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு இந்த இணைப்பை விட்டுவிட்டால், வாகனம் முன்பிருந்த பாதுகாப்பையும் இழக்கும். கதிர்வீச்சு மானியை உள்ளே வைத்தால் கவசம் தடுத்த பிறகு மிஞ்சும் அளவையே காட்டும், வெளி அளவைத் திருத்திக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். உயிரி அபாயத்தில் வாகனம் தருவது சந்தேக எச்சரிக்கை மட்டுமே, உறுதிப்படுத்துவது ஆய்வகம்.

நரம்பு நச்சை வைத்து நீங்களே சோதிக்க முடியாது. வேதி ஆயுத ஒப்பந்தச் சட்டம், 2000 அதைத் தடுக்கிறது. ஆனால் அரசு ஆய்வகத்தில் சோதனைக்கு இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலத்துக்குச் சிறு நிறுவனம் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ‘செலவும் இல்லை, உறுதியும் இல்லை’ என்ற பெயரில் நடக்கும் களச் சோதனையில் செலவில்லாதது அரசுக்கு மட்டும்தான். பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் கருவியைக் கொண்டுபோவது உங்கள் பணம். உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள் இதை இன்னும் மாற்றாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

எனவே முழு சென்சாரோடு போட்டியில் இறங்காதீர்கள். 2025 பிப்ரவரியில் மேற்சொன்ன வேதி எச்சரிக்கைக் கருவிகள் 223ஐ 80.43 கோடி ரூபாய்க்கு எல் அண்ட் டி நிறுவனத்திடம் வாங்கப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது. இத்தகைய கருவிகளுக்குக் காற்றை உறிஞ்சும் பம்பு, மின்சாரத்தைச் சீராக்கும் பலகை, எச்சரிக்கைத் திரை ஆகியவை தேவை. அவை உங்கள் கைக்குப் பழகிய வேலை. பிஎம்பி-2 என்ற காலாட்படைக் கவச வாகனங்களைத் தயாரிக்கும் மேதக் தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான ஏவிஎன்எல்லின் கீழ் வருவதால், விற்பனையாளர் பதிவை அங்கே விசாரியுங்கள். மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனையைச் சென்னையிலுள்ள அரசு ஆராய்ச்சி நிறுவனமான சமீர் மையத்திலேயே செய்துகொள்ளலாம். பெரிய நிறுவனத்துக்கு உதிரி தரும்போது உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணைக் கொள்முதல் ஆணையிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்ட உரிமையைப் பின்னால் கேட்டுப் பெறுவதற்கு அது வேண்டும்.