வயலில் வைத்த போர்டுக்கு பைக் பேட்டரி

கேள்வி: சம்பா வயலின் மடையில் நீர்மட்டத்தைக் கவனிக்க ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்றை வைத்திருக்கிறேன். 9 வோல்ட் சதுர பேட்டரியை மாலையில் மாட்டினால் காலையில் ஓய்ந்துவிடுகிறது. வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் பைக் பேட்டரியை நேரடியாக இணைக்கலாமா?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: விடியும்வரை தாங்கியதே பெரிது. அந்தச் சிறிய பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி. ஊனோவோ வேலை எதுவும் இல்லாதபோதே 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்.

பைக் பேட்டரியைப் பயன்படுத்தலாம், நேரடியாக வேண்டாம். 12 வோல்ட் என்பது அதன் பெயர்தான். முழு சார்ஜில் 12.7 வோல்ட்டும், சார்ஜரில் இருக்கும்போது 14.4 வோல்ட் வரையும் காட்டும். ஊனோவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது 7 முதல் 12 வோல்ட். அதைச் சற்றுத் தாண்டினால் போர்டு உடனே கருகிவிடாது என்றாலும், மிஞ்சும் மின்னழுத்தம் முழுவதையும், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் சூடாகவே வெளியேற்ற வேண்டியிருப்பதால், ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சென்சாரும் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுக்கும் நேரத்தில், 14.4 வோல்ட் என்றால், அந்தச் சிறு சில்லின் மேல் ஏறத்தாழ 2.8 வாட் சூடு ஏறும். விரல் வைக்க முடியாது. பைக்கில் செல்பேசிக்காகப் பொருத்தும் 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர் ஒன்றை வாங்கி, போர்டின் யுஎஸ்பி துளை வழியாகவே மின்சாரம் கொடுங்கள். திருகைத் திருப்பி வோல்ட்டைச் சரிசெய்யும் மாட்யூல்களைவிட இதில் தவறு நேர வாய்ப்பு குறைவு.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 9 வோல்ட் பேட்டரியில் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி நன்றாகவே சுடும், ஆனால் அது தரக்கூடிய மின்னோட்டம் குறைவு. பைக் பேட்டரியோ வண்டியை ஸ்டார்ட் செய்வதற்காகப் பல பத்து ஆம்பியர்களை ஒரே மூச்சில் தருவதற்கென்றே செய்யப்பட்டது. வரப்பு எலி ஒயரின் மேலுறையைக் கடித்து, அந்த இடத்தில் ஈரமும் சேர்ந்து இரு கம்பிகளும் தொட்டுக்கொண்டால், மெல்லிய ஒயர் சில நொடிகளில் பழுத்துத் தீப்பிடிக்கும். எனவே பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். அதைப் போர்டின் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பேட்டரியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். மல்டிமீட்டரில் 11.8 வோல்ட் காட்டினால் அன்றே கழற்றிச் சார்ஜ் போடுங்கள். காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.