கண் இமை அழகு அறுவை சிகிச்சையின் பலன் எத்தனை வருடம் நீடிக்கும்?

மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் ஒரே பதில் கிடையாது. மேல் இமையில் தொங்கும் தோலை எடுத்தால் பொதுவாக 5 முதல் 10 வருடம் வரை நன்றாக இருக்கும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். கண்ணுக்குக் கீழே உள்ள பையைச் சரி செய்தவர்களில் பலருக்கு மறுபடி செய்யும் தேவையே வருவதில்லை.

வெட்டி எடுத்த தோல் திரும்ப முளைக்காது. ஆனால் மிச்சமிருக்கும் தோலுக்கு வயதாவதை யார் நிறுத்துவது? வெயிலும் சிகரெட்டும் அதை இன்னும் சீக்கிரம் தளர்த்திவிடும்.

பலர் கவனிக்காத விஷயம் புருவம். வயதாக ஆக அது மெல்ல இறங்கி இமைத் தோலைக் கீழே தள்ளும், அப்போது 'ஆபரேஷன் வீணாப்போச்சு' என்று தோன்றும், ஆனால் கோளாறு இமையில் இருக்காது. கண்ணாடி முன் நின்று புருவத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், மடிப்பு மறைந்தால் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

அப்புறம், முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ரத்தக்கட்டு பெரும்பாலும் 2 வாரத்தில் போய்விடும், வீக்கம் முழுசாக வடிந்து தழும்பு மங்க சில மாதங்கள் பிடிக்கும்.

மறுபடி செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் எடுக்கத் தோல் அதிகம் இருக்காது. அளவுக்கு மீறி எடுத்தால் தூங்கும்போதுகூட கண் முழுசாக மூடாது, வறண்டு எரியும். 'இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர்' என்று கேட்டாலும் மறுக்கிறவரிடம் போவதுதான் என் கணக்கில் நல்லது.