பாங்காக்கில் ஸ்கூட்டர் எடுக்கலாமா டீச்சர்?

"பாங்காக்கின் பாங் நா பகுதியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். காலை 7.30-க்குள் போய்விட வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் மாத வாடகைக்கு ஸ்கூட்டர் தருகிறோம், இந்திய லைசென்ஸே போதும் என்கிறது ஒரு கடை. எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் மதுரையிலிருந்து போன வாசகி.

இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். அந்தக் கடையில் எப்போதுமே வேண்டாம்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிற கடை எதுவானாலும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் வேலைக்கான நான்-பி விசாவில் வந்திருந்தால் அது முதலில் 90 நாளுக்குத்தான், அதை ஓராண்டுக்கு நீட்டிக்க அசல் பாஸ்போர்ட் வேண்டும். அந்த நேரத்தில் அது கடைக்காரரின் மேஜை டிராயரில் இருந்தால், வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறலுக்குக்கூட அவர் சொன்ன தொகையைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும். முன்பணம் கேட்டால் ரசீதோடு கொடுங்கள். நகல் கேட்டால், எதற்காகத் தருகிறீர்கள் என்று அதன்மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அசல் உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது.

அடுத்தது லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் வாடகைக் கடைக்குப் போதும், போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் போதாது. ஊரில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறதே என்பீர்கள். சரி, அதைத் திறந்து எந்த வண்டிக்கு முத்திரை குத்தியிருக்கிறது என்று பாருங்கள். காருக்கு மட்டும் என்றால் ஸ்கூட்டருக்குச் செல்லாது. மோட்டார் சைக்கிளுக்கும் முத்திரை இருந்தால் வந்த புதிதில் ஓட்டலாம், ஆனால் அது சுற்றிப்பார்க்க வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு, வேலைக்கு வந்து தங்குகிற நீங்கள் அதை நம்பி நாளைக் கடத்தாமல் தாய்லாந்து லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும். உரிய லைசென்ஸ் இல்லாமல் விழுந்தால் மருத்துவக் காப்பீடு கைவிரித்துவிடலாம், அப்போது ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில்தான்.

தாய்லாந்து லைசென்ஸுக்கு நிலப் போக்குவரத்துத் துறை அலுவலகம் போக வேண்டும். மருத்துவச் சான்று, கூடவே இருப்பிடச் சான்றோ வேலை அனுமதியோ கேட்பார்கள், நிறங்களைப் பிரித்துச் சொல்லச் சொல்வார்கள். இருப்பிடச் சான்றுக்கு வேறொரு அலுவலகம், வேறொரு வரிசை. வகுப்பை விட்டுவிட்டு வருகிறவரை ஏன் இப்படி அலையவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இந்த எரிச்சலைத்தான் புரோக்கர்கள் காசாக்குகிறார்கள். "தேர்வே வேண்டாம், அட்டை வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் அது போலி.

சரி, பள்ளிக்கு எப்படிப் போவது? பிடிஎஸ் என்கிற மேம்பால ரயில்தான். அதன் சுகும்வித் பாதையில் ஆன் நுட், பாங் நா ஸ்டேஷன்களுக்கு இடையில் வீடு பாருங்கள். காலையில் கூட்டமெல்லாம் நகர மையத்திலுள்ள சியாம் ஸ்டேஷன் பக்கம் முண்டியடிக்கும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். கோயிலும் நம் சாப்பாடும் பக்கத்தில் இருக்கட்டும் என்று சீலோம் மாரியம்மன் கோயில் அருகே வீடு எடுத்தால், தினமும் சியாமில் இறங்கி மாற வேண்டும்.

பிடிஎஸ்ஸுக்கு ராபிட் என்கிற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். எம்ஆர்டி சுரங்க ரயிலில் ராபிட் செல்லாது, அங்கே வங்கிக் கார்டைத் தட்டினால் போதும். இரண்டும் சந்திக்கிற அசோக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் வெளியே வந்து மறுபடி தனிக் கட்டணம். ஒரே நகரத்துக்குள் இது என்ன கணக்கோ!

வீட்டுப் புரோக்கர் சொல்கிற "ஸ்டேஷன் 5 நிமிஷம்" பெரும்பாலும் பைக் கணக்கு. வார நாளில் காலை 6.30-க்கு நீங்களே நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எதிர்ச்சாரி சோய் (சந்து) எண்ணை நம்பி வழி கணக்கிடாதீர்கள், சுகும்வித் சாலையில் ஒற்றைப்படைச் சந்துகள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம், 71-க்கு எதிரே 72 இருக்காது.

ஸ்டேஷனிலிருந்து பள்ளி வரைக்கும் சோய் முனையில் ஆரஞ்சு அங்கி போட்டு நிற்கும் பைக் டாக்ஸி போதும். கட்டணப் பலகை அங்கேயே இருக்கும், பார்த்துவிட்டு ஏறுங்கள். ஹெல்மெட்டைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள். மழை நாளில் மட்டும் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், தண்ணீர் தேங்கிய சோய்க்குள் பைக்கும் ஊர்ந்துதான் போகும்.