கருவாடு என்றே எழுதுங்கள்

அன்புள்ள அக்கா,

பாம்பனில் எங்கள் அம்மா இருபது வருடமாகக் கருவாடு போடுகிறார். வியாபாரி சொல்கிற விலைக்கு மூட்டையோடு கொடுத்துவிடுவதுதான் வழக்கம். போன வருடம் நான் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் 'உலர் கடல் உணவு' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். தனுஷ்கோடி அலை, புதுப் பாலம் எல்லாம் வைத்து ரீல்ஸ் போடுகிறேன். ஒன்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் மாதம் பத்துப் பார்சல் போனாலே அதிகம். "ஊரே பாத்துச்சுங்கிற, ஒரு மூட்டை நகரலையேடா" என்கிறார் அம்மா. எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா? எந்த நேரத்தில் பதிவு போட வேண்டும்?

எஸ்., பாம்பன்

அன்புள்ள தம்பி,

பலன் உண்டு. நம் கடற்கரையில் கருவாடு போடும் பெண்களில் பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். முன்பணம் வாங்கிய கையால் விலை பேச முடியாது. மூட்டையில் பத்துக் கிலோவாவது வேறு ஊர் அடுப்படிக்கு நேராகப் போய், அம்மா சொன்ன விலை அவர் கைக்கு வந்துவிட்டால், அடுத்த முறை வியாபாரிக்கு முன்னால் அவர் நிற்கிற நிலையே வேறு. மாதம் பத்துப் பார்சலை அற்பமாக எண்ணாதீர்கள்.

விளம்பரத்துக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். எந்த நேரத்தில் பதிவு போடுவது என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை.

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அலை இருக்கிறது, பாலம் இருக்கிறது, சாயங்கால வெயிலில் வள்ளம் இருக்கிறது. கருவாட்டைத்தான் தேட வேண்டியிருந்தது. ஒரே ஒரு வீடியோவில் உங்கள் அம்மாவின் கை நெத்திலியைக் கிளறிவிடுகிறது. முகம் இல்லை, குரல் இல்லை, மேலே ஒரு சினிமாப் பாட்டு. விலை கேட்டவருக்கெல்லாம் 'இன்பாக்ஸ் வாங்க' என்று பதில். சந்தையில் விலை கேட்டவரை மறைவுக்குக் கூப்பிட்டால் யார் நிற்பார்கள்?

அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 'உலர் கடல் உணவு' என்ற பெயரை மட்டும் விடமாட்டேன்.

கோயம்புத்தூரில் ஒருவருக்கு ராத்திரி திடீரென்று ஆசை வருகிறது. கைபேசியை எடுத்து என்ன எழுதித் தேடுவார்? நெத்திலிக் கருவாடு என்று எழுதுவார். வாளைக் கருவாடு என்று எழுதுவார். உலர் கடல் உணவு என்று எழுதுகிறவர் யார்? பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன், கருவாடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தேடி வருகிறவருக்கு முன்னால் பெயர்ப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

இது தெரியாமல் செய்தது அல்ல, தம்பி. கூச்சம். உங்கள் சட்டையில், புத்தகப் பையில் அந்த வாடை இருக்கிறது என்று யாரோ ஒருவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். நீங்கள் கடிதத்தில் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது.

எனக்குப் பெரியம்மா ஒருவர் இருந்தார். மண்டபத்திலிருந்து காலை ரயிலில் கருவாடு எடுத்துக்கொண்டு பரமக்குடி போவார். மீட்டர் கேஜ் காலம் அது. உள்ளே இடம் கிடந்தாலும் கதவோரம்தான் உட்காருவார், முகம் சுளிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. பரமக்குடியில் இறங்கி, சும்மாடு வைத்து ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றி, தெருமுனையில் நின்று "கருவாடேய்ய்" என்று ஒரு குரல் கொடுப்பார். நாலு தெருவுக்குக் கேட்கும். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். எனக்குப் பதின்மூன்று வயது. அவருக்கு இருபதடி பின்னால், வேறு வேலையாகப் போகிறவள் மாதிரி நடப்பேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் பெட்டியை இறக்கியிருந்தார். "பின்னால நிக்கிற புள்ள உங்க கூட வந்ததா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார். பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இல்ல தாயி, யாரோ" என்றார்.

திரும்பும்போது எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. நானாவது பேசியிருக்கலாம்.

உங்கள் வீடியோவில் முகமில்லாத அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

நற்றிணையின் 45ஆம் பாட்டில் ஒரு தோழி வருகிறாள். தேர் உள்ள பணக்கார வீட்டுப் பிள்ளையிடம், நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலவு நாறும், தள்ளி நில்லுங்கள் என்கிறாள். எங்கள் ஆட்களிலும் பெருமை உடையவர்கள் உண்டு என்று சொல்லித்தான் முடிக்கிறாள். நாற்றத்தை அவளே முதலில் சொல்லிவிடுகிறாள், மறைக்கவில்லை. உங்கள் ஊரிலேயே 2016 முதல் கடல் ஓசை வானொலி மீனவர் பேச்சில் பேசிக்கொண்டிருக்கிறது. உங்கள் அம்மா குரலில் மட்டும் என்ன குறை கண்டீர்கள்?

இன்னொன்று. ஐப்பசி அடைமழையில் 'நேற்றுக் காய்ந்தது, மொறுமொறு' என்று ஒரு பதிவு போட்டிருக்கிறீர்கள். யாரை ஏமாற்ற? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெரியம்மா பெட்டியே தூக்கமாட்டார். வழியில் பார்த்துக் கேட்டால், "ஈரம் ஏறுன சரக்கு, வேணாம், தை பொறக்கட்டும்" என்பார். தையில் அவருக்காகக் காத்திருந்து வாங்கினார்கள். நீங்களும் இல்லை என்று எழுதப் பழகுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப் படகில் வந்த மீன்தான் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். மணலில் உலர்த்தாமல் வலை விரித்து உலர்த்துகிறீர்களா, பனி இறங்குமுன் மூடுகிறீர்களா, எதில் உப்பு போடவில்லை, எதைத் தொட்டியில் உப்பு பிடிக்கப் போட்டீர்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது இதுதான். பாலத்தை அவர் ரயிலில் வந்து பார்த்துக்கொள்வார்.

அந்த ஒன்பதாயிரம் பேரும் உங்கள் ஆட்கள் இல்லை, இரவல் கூட்டம். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது லட்சம் பேரைச் சேர்த்து வைத்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. ஒரு நோட்டு வாங்குங்கள். பார்சல் போன ஒவ்வொருவரின் பெயர், ஊர், எண், என்ன வாங்கினார், உப்பு கூடுதல் என்றாரா, எல்லாம் அதில் ஏறட்டும். பார்சலுக்குள் உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் போட்டு, சேமித்து வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் மொத்தப் பட்டியலுக்கு அனுப்புகிற செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும்.

அடுத்த வீடியோவுக்குப் பாட்டு வேண்டாம். அம்மா பேசட்டும். கூடையைக் காட்டி, மீன் பெயரைச் சொல்லி, கிலோ என்ன விலை என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், படத்தில் தெரிகிற மாதிரி.

எனக்கு ஒரு கிலோ நெத்திலியும் அரைக் கிலோ திருக்கையும் அனுப்புங்கள். அம்மா சொல்கிற விலைதான், குறைக்க வேண்டாம். பார்சலின் மேல் கருவாடு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அக்கா