நாஸ் பெட்டி ‘அனுமதி இல்லை’ எண்டு சொன்னால்: கேள்வி பதில்

கேள்வி, கொக்குவில்: அண்ணை, ஸ்டூடியோ வீடியோக்களை சைனாலஜி கொம்பனியின்ர நாஸ் பெட்டியில, அதாவது நெட்வேர்க்கில எல்லாரும் பகிர்ந்து பாவிக்கிற டிஸ்க் பெட்டியில வைக்கிறனாங்கள். வேலை செய்யிற தம்பிக்கு வாசிக்க, எழுத ரெண்டுக்கும் அனுமதி குடுத்திட்டன். போல்டர் திறக்குது, ஆனால் சில ஃபைல்களை மாத்தி சேவ் பண்ண விடுகுதில்லை.

பதில்: ‘சில ஃபைல்கள்’ எண்டதிலயே விடை இருக்குது. கண்ட்ரோல் பனலில நீங்கள் குடுத்த அனுமதி மேல் போல்டரில இருந்து கீழ இறங்கிப் போகும். இடையில ஒரு போல்டர் அந்தத் தொடர்பை அறுத்துக்கொண்டு தனக்கெண்டு அனுமதி வைச்சிருந்தால் அதுக்குக் கீழ போகாது. கட் பண்ணி நகர்த்தின ஃபைலும் பெரும்பாலும் பழைய அனுமதியோடதான் வரும். கொப்பி பண்ணினது புது இடத்து அனுமதியை எடுக்கும்.

ஃபைல் ஸ்டேஷனில அந்தப் போல்டரை ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன் எண்டு போங்கோ. தம்பியின்ர பெயருக்கு வாசிக்க, எழுத அனுமதி போட்டு, கீழ்ப் போல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் சேத்துப் பிரயோகிக்கிற பெட்டியில டிக் வைச்சு சேவ் பண்ணுங்கோ. அதுக்கும் மசியாட்டில் அவர் எந்தெந்தக் குழுவில இருக்கிறார் எண்டு பாருங்கோ. ஒரு குழுவுக்கு ‘நோ அக்ஸஸ்’ போட்டிருந்தால், தனியாக நீங்கள் குடுத்த அனுமதி அதுக்கு முன்னால நிக்காது.

கேள்வி, சுன்னாகம்: உபுண்டு லினக்ஸில, போல்டர்களை நெட்வேர்க்கில பகிருற சம்பா மென்பொருளைப் போட்டு நானே செய்த பெட்டி. எல்லாருக்கும் எல்லா உரிமையும் குடுக்கிற 777 அனுமதியைக் குடுத்தால் எல்லாம் சரியாகும் எண்டு சொல்லுகினம். குடுக்கலாமோ?

பதில்: குடுக்காதீங்கோ. இண்டைக்குச் சரிவரும், நாளைக்கு ஒருவர் போடுற புது ஃபைலில அதே பிரச்சினை திரும்ப வரும். ஏனெண்டால் 777 இருக்கிற ஃபைலைத்தான் மாத்தும், இனி வரப்போற ஃபைலை இல்லை. பெட்டிக்குள்ள நுழைஞ்ச எந்தக் கணக்கும் எல்லாத்தையும் அழிக்கவும் வழி திறந்திடும்.

மூண்டு இலக்கமும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவைக்கு உரியது. ஒவ்வொரு இலக்கமும் ஒரு கூட்டுத்தொகை: வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. போல்டரைப் பொறுத்தவரை அந்த 1 தான் உள்ளுக்குப் போற உரிமை. ஃபைல், போல்டர் பாராமல் எல்லாத்துக்கும் 664 அடிச்சவை போல்டருக்குள்ள போக ஏலாமல் நிக்கிறது இதாலதான். பெட்டியைப் பாவிக்கிறவைக்கு ஒரு குழு உண்டாக்கி எல்லாரையும் சேருங்கோ. போல்டருக்கு 2775, ஃபைலுக்கு 664 போதும். முன்னுக்கு நிக்கிற 2, உள்ள உண்டாகிற எல்லாத்தையும் அந்தக் குழுவின்ர பெயரில பதியும்.

அடுத்தது சம்பாவின்ர செட்டிங். புது ஃபைலுக்கு எந்த அனுமதி வரைக்கும் விடலாம் எண்டு சொல்லுற கிரியேட் மாஸ்க் இயல்பாக 0744, அதாவது குழுவுக்கு எழுத உரிமை இல்லை. அதை 0664 ஆக்கி, புது போல்டருக்கான டிரெக்டரி மாஸ்கை 2775 ஆக்கி, ஃபோர்ஸ் குரூப்பில குழுவின்ர பெயரைப் போட்டு, சம்பாவை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. இன்னொண்டு: ஒரு ஃபைலை அழிக்கலாமோ எண்டதை ஃபைலின்ர அனுமதி தீர்மானிக்கிறதில்லை, அது இருக்கிற போல்டரின்ர எழுத்து அனுமதிதான் தீர்மானிக்கும்.

கேள்வி, பருத்தித்துறை: உபுண்டு லப்டொப்பில சைனாலஜியை என்எஃப்எஸ் எண்ட பகிர்வு முறையால மவுண்ட் பண்ணினன், அதாவது லப்டொப்பின்ர ஒரு போல்டர் மாதிரி இணைச்சன். ரெண்டிலயும் யூசர் பெயர் ஒண்டுதான். எழுத விடுகுதில்லை.

பதில்: என்எஃப்எஸ் பெயரைப் பாக்காது, யூசர் இலக்கத்தைத்தான் பாக்கும். உபுண்டுவில முதல் யூசர் 1000, சைனாலஜியில 1026. ஒரேயொரு லப்டொப் எண்டால் யூசர் பெயரும் பாஸ்வேட்டும் பாக்கிற எஸ்எம்பி பகிர்வு முறைக்கு மாறுங்கோ, அதுதான் சுகம். என்எஃப்எஸ் தான் வேணும் எண்டால் வேற கணக்கில லொகின் பண்ணி, யூசர்மோட் கட்டளையால உங்கட இலக்கத்தை 1026 ஆக்குங்கோ. ஹோம் போல்டர் தானாக மாறும், வெளியில கிடக்கிற ஃபைல்களின்ர உரிமையாளரை நீங்கள்தான் மாத்த வேணும்.

கேள்வி, நல்லூர்: விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு பாஸ்வேட் இல்லாமல் திறந்த போல்டர் இப்ப திறக்குதில்லை, ஐயா.

பதில்: அந்தப் பதிப்பு பாஸ்வேட் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுக்கும். விண்டோஸின்ர பாதுகாப்பைத் தளர்த்தாமல், பெட்டியில உங்களுக்கு ஒரு யூசரும் பாஸ்வேட்டும் உண்டாக்குங்கோ. விண்டோஸ் பாஸ்வேட்டுகளைச் சேமிச்சு வைக்கிற கிரெடென்ஷியல் மேனேஜரில பெட்டியின்ர பழைய பதிவை அழிச்சிட்டு, ரீஸ்டார்ட் பண்ணித் திரும்பப் போங்கோ. 1219 எண்ட பிழை வந்தால், ஒரே பெட்டிக்கு ரெண்டு பெயரில ஒரே நேரத்தில போகப் பாக்கிறியள்.

கேள்வி, சாவகச்சேரி: கரண்ட் போய் வந்த பிறகு அட்மினாலும் எழுத ஏலாமல் கிடக்குது.

பதில்: இது அனுமதிப் பிரச்சினை இல்லை, அதில கை வைக்காதீங்கோ. ஃபைல் சிஸ்டம் பிழை கண்டு, மேலும் கெடாமல் வாசிக்க மட்டும் விட்டிருக்கும். முதல் தேவையானதை எல்லாம் வேற டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கோ, அதுக்குப் பிறகுதான் ஸ்டோரேஜ் மேனேஜரில வொல்யூமின்ர நிலையைப் பாத்துப் பழுது சரிபார்ப்பு ஓடவிட வேணும். யூபிஎஸ் ஒண்டை யூஎஸ்பி வயரால பெட்டியோட இணைச்சு, பற்றரி இறங்க முதல் தானாக நிக்கிற மாதிரி செட் பண்ணுங்கோ.