சர்க்கரைப் புண்ணுக்கு மத்தன் தைலம் தடவலாமா?

அம்மாவுக்குக் காலில் ஆறாத சர்க்கரைப் புண், மத்தன் தைலம் தடவினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதை நான்கு மாதம் தடவிப் பார்த்திருக்கிறோம்.

அப்பாவுக்கு வலது பெருவிரலின் அடியில், நடக்கும்போது தரையில் அழுந்துகிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குப் புண். தெரிந்தவர் ஒருவர் காய்ச்சிக் கொடுத்த பச்சை எண்ணெயில் துணியை நனைத்து அம்மா தினமும் வைத்துக் கட்டுவார். "கொஞ்சங்கூட எரியலை, நல்ல எண்ணெய்" என்பார் அப்பா. நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம், இவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவதுதான் மத்தன் தைலம். மயில்துத்தம் தாமிர உப்பு. கிருமியைக் கொல்லும், பச்சைப் புண்ணில் பட்டால் சுருக்கென்று எரியவும் செய்யும். அப்பாவின் பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டிருந்தது, அதனால்தான் எரியவில்லை. இது எங்களுக்கு உறைக்க நான்கு மாதம் ஆனது.

மருத்துவர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். இழை வளைகிற அளவுக்கு அழுத்துவார், வெறும் 10 கிராம் அழுத்தம். அப்பா இரண்டே இடத்தில்தான் "ஆமா" என்றார். அப்புறம் புண்ணைச் சுற்றியிருந்த தடித்த தோலைக் கத்தியால் சீவினார். எண்ணெய் ஊறிப் பச்சை படிந்த அந்தத் தோலுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. மேலே காய்ந்து வருகிறது என்று நாங்கள் நம்பியது அந்த மூடியைத்தான்.

காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும்விட, அந்த இடத்தில் உடல் எடை விழாதபடி தனிச் செருப்பு செய்து கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் உணர்ச்சியற்ற கால் புண்களை மாவுக்கட்டு போட்டு ஆறவைத்ததும் இதே கணக்குதான். என்ன தடவினாலும், நாள் முழுக்க அதே புண்ணை மிதித்துக்கொண்டிருந்தால் எப்படி ஆறும்? அப்பாவுக்கு மூன்று மாதத்தில் மூடியது.

தைலத்தையே குறை சொல்ல வரவில்லை. ஆழமில்லாத புண், ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டிக் குழு 2023ல் மூலிகை மருந்துக் கட்டுகளைப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் காய்ச்ச வேண்டாம். ஊமத்தையும் துத்தமும் விஷம், குழந்தை கை வைத்தால் வம்பு. எண்ணெயைச் சூடுபண்ணியும் ஊற்றாதீர்கள், கால் வெந்தாலும் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் போகலாம்.

நாற்றம், கறுப்பு, காய்ச்சல், புண்ணைத் தாண்டிப் பரவும் சிவப்பு, இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் காலைக் காட்டிவிடுங்கள். போவதற்குமுன், தைலம் தடவும்போது எரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டு, அவர் சொல்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.