மசாய் மாராவில் குதிரைச் சவாரி: எந்தப் பணத்தில் போவது?

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 32,000 (பாக்கி 14 லட்சம்), மகளின் கல்லூரிக்காக எஸ்.ஐ.பி. 15,000, வீட்டுச் செலவில் என் பங்கும் குதிரையேற்ற வகுப்புமாக 17,000. மீதி 28,000. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மகள் பத்தாம் வகுப்பு. எஃப்.டி.யில் அவசரத்துக்கு 5 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 11 லட்சம், ஆர்.டி.யில் 2.5 லட்சம் இருக்கிறது. ஏப்ரலில் போனஸ் 1.5 லட்சம் வரும். இரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் குதிரையேற்றம் கற்கிறேன். அடுத்த ஆகஸ்ட்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குப் பகுதியில் குதிரையிலேயே ஏழு இரவு சஃபாரி போக ஆசை. 6,200 டாலர் கேட்கிறார்கள். அவர்கள் அனுப்பிய விலைத்தாளை இணைத்திருக்கிறேன். நான் மட்டும்தான் போகிறேன், கணவருக்கு மெரினா குதிரையைப் பார்த்தாலே பயம். வங்கி ஆப்பில் 6 லட்சம் பர்சனல் லோன் 14 சதவீதத்தில் ‘ரெடி’ என்று காட்டுகிறது. லோன் வாங்கலாமா, ஃபண்டை எடுக்கலாமா, லாக்கரில் சும்மா கிடக்கும் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று. இப்படிக் கேள்வி வந்தால், ‘அந்தப் பணத்தை எஸ்.ஐ.பி.யில் போட்டால் இருபது வருடத்தில் எவ்வளவு ஆகும் தெரியுமா’ என்று ஆரம்பிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. இரண்டு வருடம் விடாமல் வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள், போய்விட்டு வாருங்கள். ஆனால் அடுத்த ஆகஸ்ட்டில் வேண்டாம், கடன் வாங்கியும் வேண்டாம். அப்புறம், டிக்கெட் போடுவதற்கு முன் இன்சூரன்ஸ் காகிதம் இரண்டு சரியாக வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் உங்கள் குடும்பத்தைக் கவிழ்க்கக்கூடியது அதன் விலை அல்ல. குதிரையிலிருந்து ஒரு முறை விழுவதுதான்.

விலைத்தாளைப் பார்த்தேன். 6,200 டாலர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் மூன்று வரி: பூங்காவுக்கும் கன்சர்வன்சிக்கும் (ரிசர்வை ஒட்டிய தனிப் பாதுகாப்பு நிலம்) கட்டணம் 900 டாலர், நைரோபியிலிருந்து மாராவுக்குச் சிறு விமானம் 420 டாலர், தனிக் கூடாரம் என்றால் 850 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கொட்டை எழுத்து 5,58,000, பொடி எழுத்து 1,95,300. இதோடு மும்பை வழியாக நைரோபி போய்வர டிக்கெட் 60,000, நைரோபியில் முன்னும் பின்னும் ஒவ்வோர் இரவு தங்க 20,000, வழிகாட்டிகளுக்கும் குதிரை பராமரிப்பாளர்களுக்கும் டிப்ஸ் 27,000, ஹெல்மெட், பூட்ஸ், சாப்ஸ் (சவாரிக்கான கால் கவசம்) வகையறா 25,000, இன்சூரன்ஸ், தடுப்பூசி, நுழைவு அனுமதி எல்லாம் சேர்த்து 18,000. ஆக 9,03,300. நீங்கள் மனதில் வைத்திருந்த ஐந்தரை லட்சம் ஒன்பது லட்சமாகிவிட்டது. 6 லட்சம் லோன் வாங்கினாலும் ஆர்.டி.யை உடைத்தாக வேண்டும். அப்போதும் ஐம்பதாயிரத்துக்கு மேல் துண்டு விழும்.

ஜீப் சஃபாரி இதில் பாதிகூட ஆகாதே, குதிரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பேரம் பேசக்கூடிய இடமும் முடியாத இடமும் அதில் தெரியும். ஜீப்பை ராத்திரி நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். குதிரையை அப்படி விட முடியாது. நீளமாக ஒரு கயிறு கட்டி, வரிசையாகக் குதிரைகளை அதில் பிணைத்து, சிங்கம் வராமல் இருக்க விளக்கோடு ஆள் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும். கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி பரப்பும் ஆப்பிரிக்கக் குதிரைக் காய்ச்சலுக்கு எதிராக ஒவ்வொரு குதிரைக்கும் தடுப்பூசி போட வேண்டும். நீங்கள் காலையில் ஐந்தாறு மணி நேரம் சவாரி போய்ச் சேருவதற்குள் லாரி வேறு பாதையில் போய் அடுத்த இடத்தில் கூடாரம் அடித்து, வெந்நீர் போட்டு வைத்திருக்கும். இத்தனை ஆளும் உழைப்பும் ஆறு, எட்டு விருந்தினருக்காக. அங்கே குதிரையைப் பார்த்துக்கொள்பவரை ‘சைஸ்’ என்பார்கள். அரபியிலிருந்து இந்தியாவுக்கு வந்து, வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி கென்யா போன சொல். அவருக்குக் கொடுக்கும் டிப்ஸில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். சேணத்தின் வாரை இறுக்குவது அவர்தான்.

பேரத்துக்கு இடமுள்ளது மாதமும் கூடாரமும். மசாய் மாரா ரிசர்வுக்குள் வெளிநாட்டவர் நுழைய ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். 2024-லிருந்து இப்படி. குதிரையில் நீங்கள் போவது பெரும்பாலும் ரிசர்வை ஒட்டி மசாய் மக்கள் குத்தகைக்கு விட்டிருக்கும் கன்சர்வன்சி நிலங்களில்தான். ஆனால் உங்கள் திட்டத்தில் இரண்டு நாள் ஜீப்பில் ரிசர்வுக்குள் போவதாக இருக்கிறது. பிப்ரவரியில் போனால் அதில் 200 டாலர் மிச்சம். முகாம்களின் விலையும் அப்போது சற்று இறங்கும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இழப்பு ஒன்று உண்டு: காட்டெருமை மாதிரி இருக்கும் வில்டபீஸ்ட் மந்தைகள் ஆகஸ்ட்டில் மாராவில் இருக்கும், பிப்ரவரியில் எல்லை தாண்டி தான்சானியாவின் செரெங்கெட்டியில், அதன் தென்கோடியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் எப்போதும் மாராவில் இருப்பவைதான். குதிரைமேல் இருக்கும் மனிதரை அவை தங்களைப் போல் மேயும் நாலுகால் பிராணி என்றே எடுத்துக்கொள்ளும். நடந்து போனால் ஓடுவதுபோல ஓடாது. நீங்கள் போவது அதற்காகத்தானே? ஏப்ரல், மே மட்டும் வேண்டாம், பெருமழைக் காலம். கூடாரத்தை இன்னொரு பெண் பயணியோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் 850 டாலர் மிச்சம். பகலெல்லாம் சேணத்தில் உட்கார்ந்தவருக்கு ராத்திரி பக்கத்துக் கட்டில் குறட்டை கேட்காது என்பது என் நம்பிக்கை.

ஆக, அடுத்த ஆகஸ்ட் அல்ல, அதைத் தாண்டி வரும் பிப்ரவரி. இன்னும் 16 மாதம் இருக்கிறது. மகள் அப்போது பிளஸ் ஒன்னில் இருப்பாள். அதற்கு அடுத்த பிப்ரவரி என்றால் பிளஸ் டூ. பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா ஆப்பிரிக்காவில் குதிரை ஓட்டினாள் என்று உங்கள் மாமியார் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். செலவு ஏறத்தாழ 8.1 லட்சம். ஆர்.டி. 2.5 லட்சம், போனஸ் 1.5 லட்சம் போக 4.1 லட்சம் சேர்க்க வேண்டும். மாதம் 25,600. உங்களுக்கு மிஞ்சுவதே 28,000, எனவே 16 மாதமும் கையைக் கட்டித்தான் இருக்க வேண்டும். முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதம் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

லோன் ஏன் கூடாது? 6 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 20,500, வட்டி மட்டும் 1.38 லட்சம். தவணை ஓடி முடியும்போது மகள் கல்லூரியில் இருப்பாள். ஏழு நாள் சவாரிக்கு 36 தவணை. அதே தொகையை முன்னால் சேர்ப்பதும் பின்னால் கட்டுவதும் உழைப்பில் ஒன்றுதான். பின்னால் கட்டுவதற்கு 1.38 லட்சம் அதிகம், அவ்வளவே. ஃபண்டில் இருக்கும் 11 லட்சம் மகளுடையது, தொடாதீர்கள். அது முழுக்கப் பங்குச் சந்தை ஃபண்ட் என்றால், கல்லூரிக்கு மூன்று வருடம்கூட இல்லாத நிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஃபண்டுக்கு (கடன் பத்திரங்களில் முதலிடும் ஃபண்ட்) மாற்ற ஆரம்பியுங்கள். ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், எனவே வருடா வருடம் பிரித்து எடுப்பது லாபம். நகையை அடகு வைப்பதும் கடன்தான், அதில் பேசவே ஒன்றுமில்லை. எஃப்.டி. அவசரத்துக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இனி இன்சூரன்ஸ். சொந்தக் கதை ஒன்று. சில வருடம் முன்பு மலையேற்றம் போனபோது கால் பிசகி, பயண பாலிசியில் கிளெய்ம் போட்டேன். ‘சாகச விளையாட்டு விலக்கு’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. நிதி ஆலோசகனான நான் படிக்கவில்லை. குதிரைச் சவாரியையும் பல பாலிசிகள் இந்த விலக்கில் சேர்த்திருக்கும், சிலவற்றில் போலோவும் பந்தயமும் மட்டும் விலக்கு. போனில் ‘கவர் ஆகும் மேடம்’ என்று சொல்வதை நம்பாதீர்கள். ‘கென்யாவில் வனவிலங்குப் பகுதியில், வழிகாட்டியோடு ஏழு நாள் குதிரைச் சவாரி, விபத்து நடந்தால் மருத்துவச் செலவும் விமானத்தில் வெளியேற்றும் செலவும் உண்டா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மாராவில் எலும்பு முறிந்தால் வைத்தியம் நைரோபியில்தான், போவது விமானத்தில்தான். 1957-லிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இந்தச் சேவையைச் செய்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால உறுப்பினர் திட்டமும் உண்டு. உங்கள் முகாம் அதைக் கட்டணத்தில் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அது நைரோபி வரைதான். அங்கே அறுவை சிகிச்சை, ஸ்ட்ரெச்சரில் இந்தியா திரும்புவது எல்லாம் உங்கள் பாலிசியின் பொறுப்பு.

இரண்டாவது காகிதம் டேர்ம் பாலிசி. வீட்டுக் கடனைக் கட்டுவது நீங்கள். உங்கள் கடிதத்தில் ஆயுள் காப்பீடு பற்றி ஒரு சொல்கூட இல்லை. குறைந்தது 1 கோடிக்கு எடுங்கள். விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்று கேட்பார்கள். குதிரையேற்றம் என்று மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாதம் மிஞ்சும் 2,400-ஐ இதற்கு ஒதுக்குங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விகிதம் இது, எனவே கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்றால் 5,58,000-க்கு 27,900. இது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் நிற்கும் முன்வரி. அலுவலகத்தில் அதற்கான படிவம் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸில் கழித்துக்கொள்வார்கள். பெரிய தொகையைக் கிரெடிட் கார்டில் மட்டும் தேய்க்காதீர்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கி போடும் 3.5 சதவீத மார்க்அப், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்றால் 23,000 ரூபாய் சும்மா போகும். வங்கி மூலம் அனுப்புங்கள். டாலர் 95 ஆனால் சுமார் 37,000 கூடுதலாகும், அதற்கு பூட்ஸ், சாப்ஸைப் பழையதாக வாங்கிச் சமாளிக்கலாம், கொஞ்சம் கணவரிடமும் கேட்கலாம். ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சேரன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கடைசியாக, பணமாகத் தெரியாத ஒரு பணப் பிரச்சினை. முதல் நாள் உங்களைச் சவாரி செய்யவைத்துப் பார்ப்பார்கள். யானை திரும்பினால் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விரட்டிக்கொண்டு வெளியேறத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்று வழிகாட்டி நினைத்தால் ஜீப்பில் ஏற்றிவிடுவார், பணம் பொதுவாகத் திரும்பாது. வாரம் ஒரு நாள் வேலிக்குள் சுற்றிய பயிற்சி இதற்குப் போதாது. அந்த 17,000-ல் எதைக் குறைத்தாலும் வகுப்பைக் குறைக்காதீர்கள். திறந்தவெளியில் தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். அடுத்த தீபாவளிக்குள் அது கைவரவில்லை என்றால், சாதாரண ஜீப் சஃபாரி போய், நைவாஷா ஏரிக்கரையில் மணிக்கணக்குக்குக் குதிரை எடுத்து ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நடுவில் ஓட்டிவிட்டு வரலாம். செலவு பாதிக்கும் கீழே. ஆனால் முன்பணம் போய்விடும், எனவே கட்டுவதற்கு முன் ரத்து விதியையும் தேதி மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள்.

கூடவே எடை வரம்பையும் கேளுங்கள். பல முகாம்களில் 90 கிலோவை ஒட்டி ஒரு கோடு போட்டிருப்பார்கள், கடிதத்தில் உங்கள் எடையைச் சொல்லவில்லை. அந்தப் பிப்ரவரியில் எந்தத் தேதிகளில் குழு போகிறது என்று இந்த வாரமே எழுதிப் போடுங்கள். எட்டுக் குதிரை நிரம்பினால் அடுத்த தேதிதான்.